ஃபியூஸ் பெட்டி குடிபோன நாள்

மாமியார் தையல்காரி. மருமகள் லிஃப்ட் மெக்கானிக். வாசலில் நின்ற பழைய கார் மாமியாருடையது. யார் பேச்சையும் காதில் வாங்காமல் அவராகத் தேடிப் பிடித்து வாங்கியது. வண்டி தங்கமான வண்டிதான், மழை மட்டும் அதற்கு ஆகாது. நாலு தூறல் விழுந்தால் இண்டிகேட்டர் போட்டதற்கு வைப்பர் ஆடும். போன மழைக்கு நாற்சந்தியின் நடுவில் இன்ஜின் அணைந்து, ஹாரன் மட்டும் தானாக அலறத் தொடங்கிவிட்டது. மாமியார் கண்ணாடியை இறக்கி, "நான் அடிக்கலைங்க, அதுவா அடிக்குது" என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பானெட்டைத் திறந்ததுமே மருமகளுக்குப் பிடிபட்டுவிட்டது. முன்கண்ணாடியில் வழியும் தண்ணீர் நேராக ஃபியூஸ் பெட்டியின் தலையில்தான் இறங்குகிறது. உள்ளே செம்பெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது.

"அத்தை, புதுப் பெட்டி வாங்கி வண்டிக்குள்ள வச்சிடலாம். டேஷ்போர்டுக்கு அடியில. அங்க ஒரு சொட்டு வராது."

"வயரெல்லாம்?"

"அதையும் கூடவே கூட்டிட்டுப் போகணும்."

மாமியாரின் கண் பளிச்சிட்டது. "எப்ப ஆரம்பிக்கலாம்?"

"ஓடுற வண்டியைப் பிரிச்சா அப்புறம் சாக்குல அள்ளிட்டுத்தான் போகணும்" என்றான் மகன். அவன் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"எங்கடா ஓடுது? கத்தத்தான் செய்யுது" என்றார் அம்மா.

லீவு நாள் காலையில் மருமகள் முதல் வேலையாக பேட்டரியைக் கழற்றி வைத்தாள். பழைய பெட்டியின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. வயர்களின் நிறமெல்லாம் வெளுத்து, எல்லாம் ஒரே சாம்பலாக இருந்தன. எது விளக்கு, எது ஹாரன்?

"எங்க வார்டுல குழந்தைங்க கையில பட்டை கட்டுவோம்ல, அப்படிக் கட்டிடு" என்றான் புருஷன். கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதைத்தான் செய்தாள். ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்று தடவிப் பார்த்து, பட்டையில் பேர் எழுதி ஒட்டிய பிறகுதான் கழற்றினாள்.

புது இடத்துக்கு வயர் எட்டவில்லை. ஒட்டுப்போட வேண்டியிருந்தது. அவள் அளந்து வெட்டப் போனபோது மாமியார் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அளவுக்குச் சரியா வெட்டாத. தையலுக்கு விடுற மாதிரி கொஞ்சம் விடு. நாளைக்குப் பிரிச்சுத் தைக்க வேணாமா?"

"லிஃப்ட்லயும் அப்படித்தான் அத்தை விடுவோம். அவசரத்துல மறந்துட்டேன்."

அவள் ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டே போனாள். மாமியார் பின்னாலேயே துணி டேப் சுற்றிக்கொண்டு வந்தார். வேலை மளமளவென்று ஓடியது. இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே இருக்கும் இரும்புத் தகட்டின் ஓட்டையில் ரப்பர் வளையம் மாட்டி, வயர்க் கற்றையை உள்ளே இழுத்தார்கள். பெட்டியைப் பொருத்தும்போது, "ஒரு ஸ்க்ரூவாவது நான் போடுறேனே" என்று புருஷன் கெஞ்சினான். போனால் போகிறதென்று விட்டாள்.

பேட்டரியை மாட்டினாள். ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர் எல்லாம் சொன்ன பேச்சு கேட்டன. ஹெட்லைட்டைப் போட்டாள். டப்பென்று ஃபியூஸ் போயிற்று. மாற்றிப் போட்டாள். அதுவும் போயிற்று.

மருமகள் பேட்டரியை மறுபடி கழற்றிவிட்டு, டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாக நுழைந்து வயரை விரலால் பின்தொடர்ந்தாள். பெட்டிக்குப் பின்னால் விரல் எதிலோ தட்டியது.

"ஏங்க, நீங்க போட்ட ஸ்க்ரூ எது?"

"இடது பக்கம். ஏன்?"

"வயரோட வயித்துலயே ஏத்தி வச்சிருக்கீங்க."

"ஊசி போடுற கை, பழக்கதோஷம்" என்றார் மாமியார். மூன்று பேரும் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. காயம்பட்ட இடத்தை வெட்டி ஒட்டி, ஸ்க்ரூவை வேறிடத்தில் அவளே முறுக்கினாள். இந்த முறை ஹெட்லைட் இரண்டின் வெளிச்சமும் எதிர்ச் சுவரில் பளீரென்று விழுந்தது. மாமியார் மருமகளின் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் கையிலிருந்த டேப் உருண்டு தெருவுக்கே ஓடிவிட்டது.

"மழைக்கு எங்க போறது? குழாயைத் திறடா" என்றார்.

மகன் ஹோஸைப் பிடித்தான். முன்கண்ணாடி, பானெட், இண்டு இடுக்கு என்று ஒன்றையும் விடவில்லை. உள்ளே மருமகள் ஃபியூஸ் பெட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காய்ந்த கையோடு கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். மாமியார் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒரே மூச்சில் பிடித்தது. வைப்பர் போட்டார், வைப்பர்தான் ஆடியது.

"எங்க அத்தை போறோம்?"

"தெரியல. மெயின் ரோட்டுக்குப் போய் முடிவு பண்ணிக்கலாம்."

கியர் விழுந்தது. வண்டி வாசலைத் தாண்டியது.

"அம்மா, நான் இன்னும் ஏறல" என்று சொட்டச் சொட்ட நனைந்தபடி மகன் பின்னால் ஓடிவந்தான். மாமியார் பிரேக் போடவில்லை, வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தார். மருமகள் பின்னால் எட்டிக் கதவைத் திறந்துவிட்டாள்.