ஆணியில் தொங்கிய குடை

அண்ணன் பொய் சொல்லமாட்டான். பாதை காலி என்றால் காலிதான். பிறகு ஏன் என் கை கொடியை எடுக்க மாட்டேன் என்கிறது?

போனைக் காதில் வைத்தபடியே அந்த ஸ்டேஷன் மாஸ்டர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். கல் குவாரிக்கும் துறைமுகத்துக்கும் நடுவே எண்பது வருடங்களுக்கு முன் போட்ட ஒற்றைத் தண்டவாளம் அது. பின்னாளில் கல்லோடு சிமெண்டும் தானியமும் அதில் ஏறின. டிக்கெட் எடுத்து ஏறியவர் ஒருவர்கூட இல்லை. எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடாமலிருக்க, ஸ்டேஷனுக்கும் குவாரிக்கும் இடையில் ஓட ஒரே ஒரு கோல், பித்தளைப் பூண் போட்டது. அது கையில் இருக்கும் டிரைவர்தான் வண்டியை எடுக்கலாம்.

இன்று காலை குவாரியிலிருந்து வண்டி ஓட்டி வந்த அண்ணன், கோலை மாட்ட வேண்டிய ஆணியில் தன் குடையை மாட்டிவிட்டு, கோலைப் பையில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். வேகன் நம்பர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அவளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அக்கா, அந்தக் குடையையே குடுங்க, பிடிச்சுக்கிட்டுப் போயிடுறேன்!" ஜன்னலுக்கு வெளியே, காலி வேகன்களோடு குவாரிக்குக் கிளம்பக் காத்திருந்த டிரைவர் கத்தினான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்கிறியா?" போனில் அண்ணன் குரல் உடைந்தது. "அந்தப் பாதையில கடைசியா வந்தவன் நான்தாம்மா. ஈ காக்கா கிடையாது. அனுப்பிடு. நான் கோலோட வந்து சேர முக்கால் மணி நேரமாகும். லேட்டானா நீ காரணம் எழுதணும். ரிட்டையராக இன்னும் பத்து நாள். முப்பத்திரண்டு வருஷத்துல என் பேர்ல ஒரு கரும்புள்ளி உண்டா?"

இல்லை. இந்த வேலைக்கு அவளுக்கு மனு எழுதிக் கொடுத்தவனும் அவனே. மனதுக்குள் கோபம் இருக்கிறதா என்று துழாவிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. சந்தேகமும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு நிறைவு. பத்தொன்பது வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து, யாருடைய வாய்ச்சொல்லுக்கும் ஒரு வண்டியை அவள் அனுப்பியதில்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் வண்டி தூரத்துப் பாலத்தைத் தாண்டி மறைந்ததும் அவளால் நிம்மதியாக டீ குடிக்க முடிந்தது. அந்த நிம்மதி இத்தனை பிரியமானது என்று இப்போதுதான் தெரிந்தது.

"பஸ்ஸுக்கு நிக்காதண்ணே. யார் வண்டியிலயாவது தொத்திக்கிட்டு வா. கோல் இருக்கான்னு பார்க்காதது என் தப்புன்னும் சேர்த்து எழுதிடுறேன்."

"அப்போ, அனுப்ப மாட்ட?"

"மாட்டேண்ணே," என்றாள் மெதுவாக.