ஊமை நேர்த்தி

காலையில் வாசற்படி தாண்டியதிலிருந்து பெலார்மினோ வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் கூடாது. ஆறுதல் மாதாவுக்கு ஊமை நேர்த்தி வைத்தவன், ஓடையோரத்து ஏழு பழைய மாவு மில்களையும் தாண்டி மலையேறி, மாதா கோயிலை மூன்று சுற்று சுற்றி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசினாலும் போச்சு. நேர்த்தி செல்லாது. அடுத்த ஆகஸ்ட் திருநாளுக்கு முதலிலிருந்து நடக்க வேண்டியதுதான். அவனுக்காகப் பதில் சொல்லவும், வம்பு பண்ணுகிறவர்களை விரட்டவும் கூடவே ஒரு ஆள் போவது வழக்கம். அந்த ஆளாகப் போனது அவன் மனைவி ஃபெலிஸ்மினா. இதைவிட ஒரு கூத்து உண்டா! அவன் வாயைக் கிளற அந்த மலையிலேயே அவளைவிடத் துடித்தவர் யாரும் இல்லை.

பிரான்சில் கொத்து வேலை செய்கிற மனிதன், ஒரு வருஷம் கழித்துச் சனிக்கிழமைதான் வந்திருந்தான். போன கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. "வேலை இருக்கு, வர முடியாது" என்று போனில் இரண்டே வரி. இப்போது வந்தவனோ இந்த வேகாத வெயிலிலும் சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு திரிகிறான். படுக்கும்போது விளக்கை அணைத்துவிட்டுத்தான் துணி மாற்றுகிறான், பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிறான்.

"என்ன நேர்த்தி?" என்று கேட்டாள்.

"நடந்து முடிச்சப்புறம் சொல்றேன்."

போதாதா? அங்கே ஒருத்தி இருக்கிறாள். கழுத்தில் அவள் போட்ட தடம் ஏதோ இருக்கிறது. பிள்ளையே பிறந்திருக்கிறதோ என்னவோ, யார் கண்டது! ஃபெலிஸ்மினா முடிவே பண்ணிவிட்டாள். அது மட்டும் உண்மையானால் திருநாள் முடிந்த கையோடு அவன் பெட்டி தெருவில் கிடக்கும்.

அவளுக்கு ஆத்திரம் வர இன்னொரு காரணமும் இருந்தது. அதே கிறிஸ்துமஸ் வாரத்தில்தான் அவள் தனியாக பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போய், இடது மார்பில் இருந்த கட்டியை அறுத்து எடுத்துக்கொண்டு வந்தாள். செப்டம்பரில் மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். புருஷன் வந்ததும் நேரில் சொல்லலாம் என்று இருந்தாள். அவன் வரவில்லை. அந்த வீம்பில் இதுவரை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

முதல் இரண்டு மில்களும் கூரை போய்ப் புதர் மண்டிக் கிடந்தன. மூன்றாவது மில் வாசலில் கூட்டம். மத்தி மீன் சுட்டுக்கொண்டும் கிண்ணத்தில் ஒயின் ஊற்றிக்கொண்டும் உட்கார்ந்திருந்தார்கள். நடுநாயகமாக அவன் பெரியப்பா மகன் அபீலியோ.

"டேய் பெலார்மினோ! உன் கார் பள்ளத்துல உருண்டு கிடக்குடா, ஓடு ஓடு!"

பெலார்மினோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சரி, அது போவட்டும். அங்க ஒருத்திய வச்சிருக்கியாமே? அவ பேரச் சொல்லு, ஒரு கிண்ணம் தர்றேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. காவலுக்கு வந்தவள் அந்த இடத்தில், "நேர்த்திக்காரனை விடுங்கய்யா" என்று சத்தம் போட்டிருக்க வேண்டும். இவளோ புருஷன் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் காது சிவந்தது. வெயிலில் அவள் காதும்தான் சிவந்திருந்தது, அதை யார் கணக்கில் எடுத்தார்கள்! அபீலியோவுக்கே தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று அவள் வயிறு எரிந்தது.

ஐந்தாவது மில் ஒன்றுதான் இன்னும் ஓடுகிறது. சுவருக்கடியில் தண்ணீர் பாய்ந்து சக்கரம் சுற்ற, சோளமாவு வாசனை பாதைவரை வந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. பெலார்மினோ சுவரைப் பிடித்துக்கொண்டு, சாய்த்துப் போட்டிருந்த பழைய கல்லில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு மூட்டையை ஒரே மூச்சில் இந்த மேட்டில் ஏற்றின ஆள்! என்னமாய் நடிக்கிறான் என்று நினைத்தாள்.

"பேச வேணாம். தலைய மட்டும் ஆட்டு. பொம்பள விவகாரமா?"

அவன் நெற்றியைத் துடைத்தான்.

"குழந்தை இருக்கா?"

அண்ணாந்து அவளைப் பார்த்தான். சிரித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஐயோ, பாம்பு! காலுக்குக் கீழ!"

துள்ளி எழுந்தான். கை நெஞ்சுக்குப் போனது, வாய் பிளந்தது. சத்தம் வெளியே வருவதற்குள் பல்லைக் கடித்துக்கொண்டான். பாம்பும் இல்லை, ஒன்றும் இல்லை. முகம் வெளுத்து அவன் மறுபடி நடக்கத் தொடங்கியபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சந்தேகம் விடவில்லை. உயிர் போகிற மாதிரி கட்டிக்காக்கிறானே, அப்படி யாருக்காக?

கோயில் முற்றத்தில் ஸுல்மிராவின் மெழுகுக் கடை. தலை, கை, கால், கண் என்று மெழுகில் வார்த்த உறுப்புகள் கயிற்றில் தொங்கின. நேர்த்திக்காரர்கள் தங்களுக்கு வேண்டியதை வாங்கிச் சுற்றி வந்து மாதா காலடியில் வைப்பார்கள். குறுக்குப் பாதையில் முன்னாலேயே வந்துவிட்ட அபீலியோ கூட்டமும் வேடிக்கை பார்க்க நின்றது. பெலார்மினோ விரலை நீட்டினான். இதயம்.

"இதயமா?" ஸுல்மிரா கண்ணடித்தாள். "காதலா, நோவா? எதுக்குய்யா?"

அவ்வளவுதான், ஃபெலிஸ்மினா வெடித்துவிட்டாள். "சொல்லுய்யா! எவளுக்கு இது? மாதா முன்னாடியே கொண்டாந்து வைக்கிற அளவுக்கு எவ அவ?"

அவன் கூட்டத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு சட்டைப் பித்தான்களைக் கழற்றினான். தொண்டைக் குழியிலிருந்து கீழே நெஞ்சு முழுக்க, சாக்கு வாயைத் தைத்த மாதிரி தையல் தழும்பு. அவள் கையைப் பிடித்துத் தன் விரலால் அவள் உள்ளங்கையில் எழுதினான். டிசம்பர்.

வேலை இருக்கு என்று அவன் சொன்ன டிசம்பர். அடப்பாவி, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தா போன் பண்ணினாய்! "எட்டு மாசமாச்சு, ஒரு வார்த்தை எங்கிட்ட..." என்று ஆரம்பித்தாள். அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கயிற்றின் கோடியில் தொங்கிய மெழுகு மார்பைக் காட்டினாள்.

"யாருக்கும்மா?" என்றாள் ஸுல்மிரா, இந்தமுறை சிரிக்காமல்.

ஃபெலிஸ்மினா அதை வாங்கித் தன் இடது பக்கம் வைத்துப் பிடித்தாள்.

"எப்போ?"

கேட்டது பெலார்மினோ. "ஐயையோ, போச்சேடா!" என்று தலையில் கைவைத்தான் அபீலியோ. மூன்று சுற்றில் ஒன்றுகூட ஆரம்பிக்கவில்லை. ஃபெலிஸ்மினா பதறிப்போய் அவன் வாயைப் பொத்தினாள்.

"பேசாதய்யா! உன் நெஞ்சுக்கு வச்ச நேர்த்தி, கெடுத்துக்காத. பேசாத!"

அவன் அந்தக் கையை மெல்ல விலக்கினான். "எப்போ ஃபெலிஸ்?"

"அதே கிறிஸ்துமஸுக்கு."

"தனியாவா போன?"

"ஆமா."

"வலிச்சுதா?"

அவள் எட்டு மாதமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்த கேள்வி அது.

"வலிச்சுது," என்று சொல்லி, அத்தனை பேருக்கு நடுவிலும் ஓவென்று அழுதாள்.