பிரஸ்ஸின் பழைய தகடு

பட்டறையில் அவளை எல்லோரும் ‘பேர் வைக்கிற அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய மெஷின்களை வாங்கி, பழுது பார்த்து, பெயின்ட் அடித்து விற்கிற பட்டறை அது. மெஷினின் நெற்றியில் பெயர்த்தகட்டைப் பொருத்துவது அவள் வேலை. தகட்டின் நாலு மூலைக்கும் நாலு ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூவின் உடம்பில் மரை சுற்றியிருக்கும். தலையோ மொழுமொழுவென்று இருக்கும், திருப்புளி நுழையப் பள்ளமே கிடையாது. துளையில் வைத்துச் சுத்தியலால் அடித்தால் தானே திருகிக்கொண்டு இறங்கும். இறங்கினால் இறங்கினதுதான். ஒரு மெஷினின் தகட்டை இன்னொன்றில் மாட்டி யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

ஆனால் உளியால் அந்தத் தலைகளைக் கொத்தி எடுக்கிற வேலையும் அவளுக்கே வரும். பழைய தகடு இருந்தால் வாங்க வருகிறவன் ஆயிரம் கேள்வி கேட்பான் என்பார் முதலாளி. கெட்ட மனுஷர் இல்லை. எல்லாப் பட்டறையிலும் நடக்கிறதுதானே என்று நினைக்கிறவர். அவளும் அதற்கு மேல் யோசித்ததில்லை.

அந்த வாரம் லாரியில் ஒரு பிரஸ் வந்து இறங்கியது. பெடலை ஒரு தடவை மிதித்தால் மேலிருந்து கனத்த இரும்புத் தலை ஒரு தடவை இறங்கி, தகரத்தை வெட்டிவிட்டு மேலே போய் நிற்கும். மெக்கானிக் நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, பெயின்ட் அடித்தால் போதும் என்றுவிட்டார். பெயின்டுக்கு முன்னால் தகட்டை எடுக்க அவள் உளியோடு போனாள். மூன்று தலைகளைக் கொத்திவிட்டு, நாலாவதுக்காகக் கிரீஸைத் துடைத்தபோது தகட்டிலிருந்த நம்பர் தெரிந்தது. உளி கையிலேயே நின்றுவிட்டது.

அவளுடைய தம்பி வேறொரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். போன வருஷம் அவனுடைய வலது கையில் மூன்று விரல்களை ஒரு பிரஸ் எடுத்துக்கொண்டது. விசாரணை நடந்தபோது அந்த பிரஸ்ஸின் நம்பரைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். அவளுக்கு அது மனப்பாடம். இந்தத் தகட்டில் இருந்ததும் அதே நம்பர். தகரத்தை எடுக்கக் கையை விட்ட நேரத்தில் அவனே மறுபடியும் பெடலை மிதித்துவிட்டான் என்று தொழிற்சாலை சொன்னது. விசாரணையும் அதையே எழுதி முடித்தது. பழி அவன் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு அவன் வாசலைத் தாண்டுவதே அபூர்வம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனவள் தம்பியிடம் விஷயத்தை மென்று முழுங்காமல் சொல்லிவிட்டாள்.

“ஓட்டிப் பாத்தாங்களாக்கா?”

“பாத்தாங்களாம். ஒரு குறையும் இல்லையாம்.”

“அப்போ நான்தான் மிதிச்சிருப்பேன்” என்றான் மெதுவாக.

ஆஸ்பத்திரியில், கட்டுப் போட்டிருந்த கையைப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் பாத்து மிதிச்சிருக்கக் கூடாதாடா” என்று கேட்டவள் அவள்தான். அழுகையில் வந்த வார்த்தை. அவனும் அதைப் பற்றி ஒருநாளும் பேசினதில்லை.

காலையில் அவள் கிளம்பும்போது, சட்டையை மாட்டிக்கொண்டு அவனும் கூடவே இறங்கினான்.

முதலாளி அவன் கையைப் பார்த்தார். உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை. நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அந்த பிரஸ்ஸைக் கொஞ்ச நேரம் விடாமல் ஓட்டிக் காட்ட முடியுமா என்று மட்டும் கேட்டான். வேலை கெட்டுப்போகும் என்று சொல்ல வாயெடுத்த முதலாளி, சொல்லாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

மெக்கானிக் நீளமான இடுக்கியால் தகரத் துண்டுகளைக் கொடுத்துக்கொண்டே பெடலை மிதித்தார். மிதித்தால் இறங்கியது, மிதிக்காவிட்டால் நின்றது. தரையில் வெட்டுத் துண்டுகள் குவிந்தன. வேடிக்கை பார்த்த நாலு பேர் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள். தம்பியின் முகம் சுண்டிப்போனது. வீட்டிலேயே தடுத்திருக்கலாமோ என்று அவளுக்குத் தோன்றியது.

மெக்கானிக் காலை எடுத்துவிட்டு, முகத்தைத் துடைக்கத் துண்டைத் தேடித் திரும்பினார். இரும்புத் தலை தானாக ஒரு தடவை இறங்கி ஏறியது.

வேலைக்குத் திரும்பியவர்கள் மறுபடியும் பிரஸ்ஸைச் சுற்றிக் கூடினார்கள்.

தம்பி குனிந்து பெடலைப் பார்த்தான். மெக்கானிக்கின் கால் எட்டி நிற்பதைப் பார்த்தான்.

“அக்கா, கால் அங்க இல்ல.”

“பாத்தேன்டா.”

“கால் அங்க இல்லக்கா.”

அவன் அப்படியே தகரத் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகில் கையை வைத்தாள். “நான் அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது” என்றாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

முதலாளி தானே போய் மெயின் சுவிட்சை அணைத்தார். பெடலை மிதிக்காதவரை இரும்புத் தலையை நிறுத்தி வைக்க வேண்டிய கிளட்சைத் திறந்தபோது, உள்ளே ஸ்பிரிங் ஒடிந்திருந்தது. அது பிடித்துக்கொள்ள வேண்டிய, சாவி என்கிற இரும்புத் துண்டின் விளிம்பும் தேய்ந்து மழுங்கியிருந்தது. மறுநாள் வாங்க வரவிருந்தவரைக் கூப்பிட்டு, மெஷின் இன்னும் தயாரில்லை, காரணம் இன்னது என்று முதலாளி ஒளிக்காமல் சொன்னார். அந்த ஆள் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்.

கிளட்ச் மாறியது. கை உள்ளே போக முடியாதபடி முன்னால் கம்பி அடைப்பும் வந்தது. புதுத் தகடு வேண்டாம், பழையதையே அடித்துவிடு என்றார் முதலாளி. பழைய துளைகள் தளர்ந்திருந்ததால் அவள் ஒரு சுற்று பெரிய ஸ்க்ரூவாக எடுத்தாள். தம்பி கட்டை விரலாலும் சுண்டு விரலாலும் தகட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டான். அவள் சுத்தியலை ஓங்கிவிட்டுத் தயங்கினாள்.

“அடிக்கா. நான் கையை எடுக்க மாட்டேன்.”

அவள் அடித்தாள்.

பார்த்ததைச் சொல்ல முதலாளியும் மெக்கானிக்கும் அவனோடு விசாரணை அலுவலகத்துக்குப் போனார்கள். மறுபடியும் விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் முடிந்தபாடில்லை. தம்பி அதற்காகக் காத்திருக்கவில்லை. தொழிற்சாலையில் அதே மாதிரி இன்னும் இரண்டு பிரஸ் ஓடிக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியும். அலுவலகத்துக்குப் போன அன்று சாயங்காலமே ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு அதன் வாசலில் போய் நின்றான். முதலில் வெளியே வந்தவர்கள் அவனைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். நாலாவதாக வந்தவர் நின்றார். அவன் கையைப் பைக்குள் மறைக்காமல், கிளட்சை எப்படித் திறந்து பார்ப்பது என்று அவரிடம் சொல்ல ஆரம்பித்தான்.