இரண்டாவது பூச்சு

புருஷன் உளியை வைத்துத் தட்டுவதைப் பூச்சுக்காரி பக்கத்தில் நின்று பார்த்தாள். முதல் தட்டிலேயே ஷவருக்குக் கீழே இருந்த டைல் சட்டென்று பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. பின்னால் சுவர் கசகசவென்று ஊறிக் கிடந்தது. ஒட்டி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் கீழ்வீட்டுக் கூரையில் கறை படர்ந்து, அந்த வீட்டுக்காரர் போட்ட கூச்சலில் கட்டடமே எழுந்து உட்கார்ந்துவிட்டது.

டைல்ஸ் ஒட்டுவது புருஷன் வேலை. அதற்கு முன்னால், தண்ணீர் சுவருக்குள் இறங்காமல் பூச்சு அடிப்பது அவள் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். தான் வருவதற்குள் சுவரைத் திறந்து வைக்கச் சொல்லிப் போனில் காண்ட்ராக்டர் உத்தரவு போட்டிருந்தார். வேலையும் அவர் கொடுத்தது, குடியிருக்கும் ஷெட்டும் அவர் கொடுத்தது. அவர் முகம் சுளித்தால் இரண்டும் ஒரே நாளில் போய்விடும்.

"ஏங்க," என்றாள் குரலைத் தாழ்த்தி. "ரெண்டாவது பூச்சு நீங்கதானே அடிச்சீங்க?"

உளி அப்படியே நின்றது. "என்ன வெளையாடுறியா? நீ முடிச்சிட்டேன்னு நெனச்சுத்தானே நான் ஒட்டினேன்."

"ஐயோ! முதல் பூச்சு காயறதுக்குள்ள காண்ட்ராக்டரு என்னைக் கீழ் மாடிக்குக் கூப்பிட்டு அனுப்பிட்டாருங்க. திரும்பி வந்து பாத்தா பாதிச் சுவரு டைல்ஸ் ஏறியிருந்துச்சு. சரி, நீங்களே அடிச்சிருப்பீங்கன்னு இருந்துட்டேன்."

முன்பெல்லாம் முதல் பூச்சு சாம்பல் நிறம், இரண்டாவது வெள்ளை. சாம்பல் தெரிந்தால் ஒரு பூச்சு பாக்கி என்று யார் பார்த்தாலும் புரிந்துவிடும். இந்தக் கட்டடம் தொடங்கியதிலிருந்து இரண்டுக்கும் சாம்பல் வாளிதான் வந்து இறங்கியது. "உள்ள மறையப்போற பூச்சுக்கு எதுக்குய்யா அலங்காரம்?" என்று காண்ட்ராக்டர் சிரித்தார். எல்லோரும் கூடச் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள், பாவி.

படிக்கட்டில் ஷூ சத்தம் கேட்டது.

காண்ட்ராக்டர் வந்ததும் வராததுமாக வண்டிச் சாவியால் சுவரைச் சுரண்டினார். பூச்சு பாலாடை மாதிரி உரிந்து வந்தது.

"ஒத்தப் பூச்சா? யாரு வேலை இது?"

"சார், ரெண்டும் ஒரே கலரா இருந்ததால..." என்று புருஷன் இழுத்தான்.

"கலரா வந்து பூச்சு அடிக்குது? ரெண்டு பேர்ல யாருன்னு சொல்லு. இல்லைன்னா ரெண்டு பேரும் மூட்டையைக் கட்டுங்க."

புருஷன் வேலையில் இருந்தாலாவது ஷெட் மிஞ்சும்.

"நான்தான் சார். மறந்துட்டேன்."

அவன் குறுக்கே பேசிக் காரியத்தைக் கெடுத்துவிடுவானோ என்று பயந்தாள். அவன் குனிந்து அடுத்த டைலுக்கு உளியை வைத்துத் தட்டத் தொடங்கினான்.

"நாளையிலேருந்து நீ வேணாம். போறதுக்கு முன்னாடி இந்தக் குப்பையைக் கீழ கொண்டுபோய்க் கொட்டிட்டுப் போ."

உடைசல்களைச் சட்டியில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். மேல் மாடிக் குளியலறைகளுக்குச் சாமான் ஏறிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் ஒதுங்குக்கா!" என்றான் தோளில் வாளியோடு வந்த சுமைக்காரன்.

சுவரோரமாக ஒண்டி நின்றாள். அவன் வாளியின் விளிம்பில் சாம்பல் நிறம் வழிந்து காய்ந்திருந்தது. பின்னால் வந்தவன் வாளியிலும் அதே சாம்பல். அவர்கள் கடந்து போகும்வரை தலைச்சுமையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.