பன்னிரண்டாவது ஸ்லைடு

அவலூர்பேட்டைக் கூட்டத்தில் எனக்கு 'அறிவியல் செம்மல்' பட்டம் கொடுத்தார்கள். கொடுத்தது விழிப்புணர்வு மன்றம். மன்றத்தின் தலைவர் நான்தான்.

அன்று கர்ப்பப்பைப் புற்றுநோய் பற்றி ஐம்பது நிமிடம் முழங்கினேன். "மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் ஓடுங்கள், தாய்மார்களே!" என்று மேசையைத் தட்டினேன். கடைசி வரிசையில் என் மனைவி கலைவாணியும் கை தட்டினாள்.

செஞ்சிக்குத் திரும்பும் பஸ்ஸில் மெல்லக் கேட்டாள்.

"இன்னாங்க, எனக்கு ரெண்டு தடவ பட்டுது. நின்னுபோயி ஆறு வருசமாவுது. டாக்டராண்ட போலாமா?"

முன் சீட்டில் மன்றச் செயலாளர் வீரமணி இருந்தார். எனக்குக் காது சுட்டது.

"உஷ்! பஸ்ல பேசற பேச்சா இது? உடம்புச் சூடு. மோர் குடி."

எட்டு மாதம் மோர் குடித்தாள். பிறகு தானே போய்ச் சதை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். ரிப்போர்ட் வாங்க மட்டும் நான் கூடப் போனேன்.

டாக்டர் வெண்மதி என் பழைய மாணவி. இனப்பெருக்கப் பாடத்தை 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று நான் தாண்டிப்போன வகுப்பு.

"எத்தன நாளா சார் ரத்தம் படுது?"

"ஒரு வாரமா," என்றேன்.

"எட்டு மாசம்," என்றாள் கலைவாணி.

வெண்மதி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அவளிடம் பேசினார். "ஹார்மோன் வந்து ஒட்டற இடத்துக்கு ஏற்பின்னு பேரும்மா. அது இருக்கற கட்டி பெரும்பாலும் மெதுவா போவும், ஹார்மோன் மருந்துக்கும் கேக்கும். உங்க கட்டியில அது இல்ல. இந்த ரகம் சீக்கிரமா வெளிய பரவப் பாக்கும். பரவிருக்கான்னு வியாழக்கிழமை ஸ்கேன்ல தெரிஞ்சிடும்."

என் உரையில் இது பன்னிரண்டாவது ஸ்லைடு. அம்புக்குறி எல்லாம் போட்டு விளக்கியிருந்தேன்.

"அப்பவே வந்திருந்தா?" என்று கலைவாணி கேட்டாள்.

"கர்ப்பப்பையோட நின்னிருக்கும்னு தைரியமா சொல்லியிருப்பேம்மா."

பஸ் ஸ்டாண்டில் வீரமணி பிடித்துக்கொண்டார். "தலைவரே! ஆஸ்பத்திரி கவரா இருக்குது?"

"ஒண்ணுமில்ல, வீட்டம்மாவுக்கு கேஸ் ட்ரபிள்." வாய் அப்படிப் பழகியிருந்தது.

"ஓமத் தண்ணி குடுங்க. வியாழக்கிழமை அனந்தபுரத்துல அதே பேச்சு. நோட்டீஸ் அடிச்சாச்சு."

"முடியாது. அன்னைக்கு ஸ்கேன் இருக்குது."

"கேஸுக்கு ஸ்கேனா!"

கலைவாணி கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

"கர்ப்பப்பையில கேன்சர். எட்டு மாசம் நான்தான் கூட்டிட்டுப் போவல," என்றேன். ஓரடி தூரத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்கவில்லை.

"இன்னா தலைவரே?"

"சத்தமா சொல்லுங்க," என்றாள் கலைவாணி, மலையைப் பார்த்தபடியே. "மைக் இருந்தாதான் வருமா?"

மறுபடி சொன்னேன். பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் கையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள்.