கவிழ்க்க ஆளில்லாத கிளாஸ்

மலைமேல் இருக்கும் எங்கள் குவாரந்தாவில் மதியச் சாப்பாடு முடிவதற்குள் பனிமூட்டம் என் சாராயக்கடைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அடுப்பில் பட்டை போட்ட சாராயம் கொதித்துக்கொண்டிருந்தது. பாட்டுப் பெட்டியில் என் தம்பி எலோய் பாடிக்கொண்டிருந்தான். ஆறு வருஷமாக நான் முகம் பார்க்காத தம்பி. குடித்துவிட்டு ரகளை செய்தான் என்று நான்தான் கடையைவிட்டுத் துரத்தினேன். இப்போது மலைக்குக் கீழே பாபாஓயோவில் இருக்கிறானாம்.

'என் முறை குடித்தேன், அடுத்த முறையும் எனதே.
இடப்பக்கம் பனி உட்கார்ந்திருக்கிறது.
கவிழ்க்க ஆளில்லாத கிளாஸ் இது.'

"எவளோ உட்டுட்டுப் போயிட்டா, வேற என்ன?" என்றான் பாலாடைக்கட்டி விற்கும் நிக்கானோர்.

"ஒனக்கு எல்லாப் பாட்டுலயும் ஒருத்தி ஓடியே ஆகணும்," என்றார் வாத்தியார் லியோனிதாஸ். "நிறுத்தவே மாட்டேன், குடிச்சிக்கிட்டே இருப்பேன்னு பீத்திக்கிறான்யா."

இருவருக்கும் நடுவில் ஒரே கிளாஸ் போய்வந்துகொண்டிருந்தது. எத்தனை பேர் கூடினாலும் எங்களுக்கு ஒன்றுதான். குடித்தவர் மறுபடி ஊற்றி இடப்பக்கம் நீட்டுவார். யாராவது அதைக் கவிழ்த்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், மறுபேச்சில்லை.

கிளாஸ் கைமாறுவதைப் பார்த்தபோதுதான் அந்தப் பாட்டு எனக்கு உறைத்தது. எலோயின் இடப்பக்கம் வேறெந்தப் பெண்ணும் உட்கார்ந்ததில்லை. நான்தான் உட்காருவேன். நாலாவது சுற்றில் கிளாஸை வாங்கிக் கவிழ்த்து, "எந்திரி, போய்ப் படு," என்பேன். திட்டிக்கொண்டே போவான். ஆனால் போவான்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. அவன் என்னையத்தான் பாடறான்."

"தார்ஹெலியாக்கா, நீங்களும் ரெண்டு சுத்து போட்டாச்சா?" நிக்கானோர் சிரித்தான்.

"பாபாஓயோ பஸ் எத்தனை மணிக்கு?"

சிரிப்பு நின்றது. "ரெண்டுக்கு," என்றார் வாத்தியார். "போய்? நீயே ஊத்திக் குடுக்கப்போறியா?"

"ஊத்த மாட்டேன். பக்கத்துல ஒக்காருவேன்."

கடையை அவர்கள் தலையில் கட்டிவிட்டு ஏறினேன். பஸ் மேகத்துக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே ரோடு இல்லை, மலை இல்லை. தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்றே தெரியவில்லை. திடீரென்று வெயில், வாழைத்தோப்பு, வேர்வை.

பாட்டுக்காரன் வீடு என்றதும் காட்டினார்கள். வாசலில் பனியனோடு உட்கார்ந்திருந்தான். பாதி ஆளாகியிருந்தான்.

என்னைப் பார்த்ததும் அவன் வாய் கோணியது. "நாலு மாசமா அந்தப் பாட்டு ஓடுது. இப்பத்தான் காதுல விழுந்துச்சா?"

"தெனமும் கேட்டேன்டா," என்றேன். "ஒன்ன இப்படித் தனியா விட்டுட்டுப் போனவள தெனமும் திட்டினேன்."