வெண்டைக்காய் சீல்

உலகத்து அறிவு அன்றைக்குக் கிலோ பதினோரு ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் படம் போட்ட வழவழப்புத் தாள் என்றால் ஒன்பதுதான். மில்லில் கூழாக்கச் சிரமமாம். அதனால், ஆனையூரில் மூடிப்போன ஒரு நர்சரிப் பள்ளியின் மூட்டைகள் கோரிப்பாளையத்துப் பழைய பேப்பர் கடையில் வந்திறங்கியபோது, முயலும் யானையும் நிலாவுமாக இருந்த நாற்பத்தொரு குழந்தைப் புத்தகங்கள்தான் கடையிலேயே மலிவான சரக்கு.

ஜெயக்கொடி அவற்றைப் பிரித்தெடுத்துத் தராசில் வைத்தாள். ஆறே முக்கால் கிலோ. கடை அவள் கணவன் அழகுராஜாவுக்கும் அவன் அண்ணன் தவசிக்கும் கூட்டு. வீட்டு ஆளே எடுத்தாலும் காசு வைத்துத்தான் எடுக்கவேண்டும் என்பது தவசி போட்ட சட்டம். அறுபது ரூபாய் எழுபத்தைந்து காசு. தவசி அதை அறுபத்தொன்றாக்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டார்.

கோச்சடையில் அவள் வீட்டு முன்னறையில் நான்கு தக்காளிப் பெட்டிகளைக் கவிழ்த்து அடுக்கியதும் நூலகம் தயார். இஸ்திரி மேசைதான் கவுன்ட்டர். கடையில் விழுந்து கிடந்த கல்யாணப் பத்திரிகைகளின் வெள்ளைப் பக்கத்தை வெட்டி உறுப்பினர் அட்டை. நுனி நறுக்கிய வெண்டைக்காயைச் சிவப்பு மையில் முக்கி அழுத்தினால் பூப்போல ஒரு சீல். நூலகர், ஜெயக்கொடியின் ஐந்து வயது மகள் சுபலட்சுமி. கண்ணாடி இல்லாத கண்ணாடிச் சட்டம் மாட்டியிருப்பாள். முதல் உறுப்பினர் பஞ்சுக் கரடி. இரண்டாவது, ஒரு கால் போன பிளாஸ்டிக் வாத்து.

அதற்கு மேல் உறுப்பினர் சேரமாட்டார்கள் என்றுதான் ஜெயக்கொடி நினைத்தாள். பேப்பர்க்கடைக்காரர் வீடு, கரப்பான் இருக்கும், தூசி ஆகாது என்று தெருவில் யாரும் பிள்ளைகளை இந்த வாசலுக்கு விட்டதில்லை. எதிர்வீட்டு மீனா தன் இரண்டு பையன்களையும் கேட்டுக்கு இப்பால் வந்தால் பெயர் சொல்லி இழுத்துப் போவாள். ஆனால் வெண்டைக்காய் சீல் விஷயம் எப்படியோ கசிந்தது. கையில் ஒரு பூ வாங்குவதற்கென்றே ஒருத்தன் வந்தான். மறுநாள் நான்கு பேர், மீனாவின் பையன்கள் இரண்டு பேரும் சேர்த்து. மாதம் முடிவதற்குள் பிள்ளைகள் கையில் மட்டும் இருபது அட்டை. சுபலட்சுமிக்கு விளையாட ஆள் கிடைத்ததே அந்த மாதத்தில்தான்.

ஒரு சனிக்கிழமை காலை அழகுராஜா கடையிலிருந்து ரகசியக் குரலில் போன் செய்தான்.

"பழைய புத்தகக் கடைக்காரர் ஒருத்தர் அந்தப் படப் புத்தகம் ஒண்ணுக்கு அறுபது ரூவா தாராராம். அண்ணன் அட்வான்ஸ் வாங்கிருச்சு. சாயங்காலம் அண்ணனே வேனோட வாராரு."

"வித்த சரக்குக்கு ரெண்டாவது விலை ஏது?"

"அதை நீ கேளு. நான் கேட்டா அடிப்பாரு."

ஜெயக்கொடி போனை வைத்துவிட்டுத் தக்காளிப் பெட்டிகளைப் பார்த்தாள். புத்தகம் போனால் பிள்ளைகள் போவார்கள். வாசல் மறுபடி வெறிச்சென்று கிடக்கும். நாலு ரூபாய்ச் சில்லறையைக்கூட எண்ணாமல் விடாதவள் அவள். அன்றைக்கு மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னாள்:

"சுபா, இன்னைக்கு மட்டும் கார்டுக்கு ரெண்டு புத்தகம். அம்புட்டுப் பேரையும் கூப்பிடு."

தவசி வரும்போது பெட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. கோரிப்பாளையம் சந்திப்பில் பஸ் ஹாரனையும் மிஞ்சி விலை பேசிப் பழகிய தொண்டை அவருக்கு.

"ஏத்தா ஜெயக்கொடி, சரக்கு எங்க?"

சுபலட்சுமி உதட்டில் விரல் வைத்தாள். "பெரியப்பா, இங்க சத்தம் போடக்கூடாது. படிக்கிறாங்க."

பஞ்சுக் கரடி ஒரு பழைய காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தது. தவசி அதைப் பார்த்தார். தன்னையறியாமல் குரலைத் தணித்தார்.

"எங்கத்தா சரக்கு?"

"சரக்கு அறுபத்தொரு ரூவாய்க்கு என்கிட்ட வந்துருச்சு மாமா. இப்ப இருக்கிறது நூலகம். புத்தகம் வெளிய போயிருக்கு."

"யாருக்கு?"

"தெருவுக்கு."

"விளையாட்டுக்கு வச்ச கடைத்தா இது. கரடிக்குக் கார்டு போட்டிருக்கீங்க. இதைக் காட்டி என் யாவாரத்தைக் கெடுப்பியா? ஒண்ணுக்கு ரெண்டு ரூவா உனக்குத் தாரேன்."

"அறுபதே குடுத்தாலும் குடுக்கிறதா இல்ல. உங்க யாவாரம் அன்னைக்கே முடிஞ்சுபோச்சு மாமா. அறுபதே முக்காலை அறுபத்தொண்ணு ஆக்கி, இருபத்தஞ்சு காசு கூடவே வாங்கி முடிச்சீங்க."

தவசி விறுவிறுவென்று வெளியே போனார். அசல் வியாபாரி, தடுத்த இடத்தைச் சுற்றிப்போகத் தெரிந்தவர். எதிர்க் கேட்டைத் தட்டினார். ஜெயக்கொடி வாசலில் நின்று பார்த்தாள். மீனா கொடுத்துவிட்டால் தெரு முழுக்கக் கொடுத்துவிடும்.

"தங்கச்சி, நம்ம வீட்டுப் புத்தகம் இங்க இருக்காம். எடுத்துக் குடுங்க."

மீனா உள்ளே போனாள். புத்தகத்தோடு வந்தாள். ஆனால் நீட்டவில்லை; முதல் பக்கத்தை விரித்துக் காட்டினாள். சிவப்புப் பூவும், கீழே கோணல்மாணலாக ஒரு தேதியும்.

"அடுத்த சனிக்கிழமைன்னு போட்டிருக்குண்ணே. அதுவரைக்கும் இது எங்க வீட்டுப் புத்தகம்."

"அது வெண்டைக்காய்ம்மா."

"எதுவா இருந்தா என்னண்ணே, சீல் சீல்தான். என் மகன் ராத்திரி முச்சூடும் யானையைக் கேப்பான். நீங்க வந்து சமாளிப்பீகளா?"

அடுத்தடுத்த கேட்டுகளில் யார்யாரோ எட்டிப்பார்த்தார்கள். ஒருவரும் திறக்கவில்லை. ஜெயக்கொடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

திரும்பி வந்த தவசியின் கண்ணில், பெட்டியின் மூலையில் மிஞ்சிக்கிடந்த ஒரே புத்தகம் பட்டது. அட்டை போன, தவளைப் புத்தகம். வெறுங்கையோடு ஓர் இடத்தைவிட்டுக் கிளம்பிய பழக்கம் அவருக்குக் கிடையாது. எடுத்தார்.

"கார்டு?" என்றாள் சுபலட்சுமி.

"எம்புட்டு?"

"சும்மா."

தவசி முகம் சுருங்கியது. சும்மா கிடைப்பதில் எங்கோ ஒரு சூது இருக்கும் என்பது அவர் கணிப்பு. இருந்தாலும் நின்று, பெயர் சொல்லி, அட்டை வாங்கினார். வெண்டைக்காய் புத்தகத்தில் ஒருமுறையும், அவர் கேட்காமலேயே புறங்கையில் ஒருமுறையும் விழுந்தது.

"ஒரு வாரத்தில தரணும்."

"பதினஞ்சு நாள்."

"ஒரு வாரம்."

"பத்து நாள்னு வச்சுக்கவா? பெரியப்பாவுக்குக் கடை வேலை."

"ஒரு வாரம்."

இந்த ஊரில் அவர் விலை குறைக்க முடியாமல் திரும்பியது அன்றைக்குத்தான். காலி வேன் போன சத்தம் தெருமுனை வரை கேட்டது. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தபோதும் புறங்கையில் பூ அழியாமல் இருந்ததாக அழகுராஜா வந்து சொன்னான். சொல்லும்போது சிரிப்பை அடக்க அவனால் முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஜெயக்கொடி காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் வந்தவர்கள் மீனாவின் பையன்கள். பின்னால் மீனாவும் வந்தாள், கேட்டைத் தாண்டி, உள்ளே. ஒரு புத்தகத்தில் சாம்பார். ஒன்றில் யானைக்கு மீசை முளைத்திருந்தது. இருட்டுவதற்குள் எல்லாம் வந்து சேர்ந்தது, ஏறக்குறைய எல்லாம்.

சுபலட்சுமி விரல்விட்டு எண்ண, விரல் போதாமல் அம்மாவின் விரலையும் வாங்கிக்கொண்டாள். ஜெயக்கொடி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள்.

கொடுத்தது நாற்பத்தொன்று. வந்தது நாற்பது.

பாக்கி ஒன்று: தவளை. தவசி, பழைய பேப்பர் கடை, கோரிப்பாளையம். அதைத் தரும்வரை வேறு புத்தகம் கிடையாது.